ஏர் ரைபிளுக்குப் பொருந்தும் பெல்லட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சேலத்துக்காரரின் முழுமையான வழிகாட்டி

வெளிநாடுகளில் ரைபிள் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பலர் தோட்டாவையும் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்து, மருந்தை அளந்து போட்டு, குண்டைப் பொருத்துகிறார்கள். நம் நாட்டில் அது பொழுதுபோக்கு ஆகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருந்தாலும் அது தயாரிப்பதற்கான உரிமம் இல்லை. ஆகவே அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம்.

ஆனால் அவர்கள் அந்த வேலையில் தேடுவது என்ன என்று பார்த்தால், முதல் சூடு போன இடத்துக்கே அறுபதாவது சூடும் போக வேண்டும் என்பதுதான். அதை நாமும் தேடலாம். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் போட்டி ஏர் ரைபிளில், பெல்லட் எனும் 4.5 மி.மீ. ஈயக் குண்டில், சட்டத்துக்கு உட்பட்டு, வீட்டிலேயே. எங்கள் குடும்பத்துக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மில்லி (மில்லிகிராம்) கணக்கில் எடை பார்த்தே வளர்ந்தவன் என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. பல வருடம் தப்பான இடத்தில் நேரத்தைச் செலவழித்த பிறகுதான் எது முக்கியம், எது வீண் என்று புரிந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

சட்டமும் ஒழுங்கும்

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்குச் செய்யப்படும் 10 மீட்டர் ரைபிள்கள் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். வாங்கும்போது அடையாள அட்டை கேட்பார்கள், கொடுத்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதை விட முக்கியமானது, குருவி, புறா, காட்டுக்கோழி, முயல் எதன் மேலும் இதைத் திருப்பக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு உயிரைச் சும்மா காயப்படுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர் கையில் ரைபிளே இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏற்காடு போகிறவர்கள் ஏர்கன்னைக் காரில் போட்டுக்கொண்டு போய்த் தோட்டத்து மரங்களைப் பார்த்துச் சுடுவதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பெல்லட் சில நூறு மீட்டர் போகும். காப்பிச் செடிக்குப் பின்னால் பழம் பறித்துக்கொண்டு ஆள் நிற்பது உங்களுக்குத் தெரியாது.

சுடும் இடம்

பழைய செவ்வாய்ப்பேட்டை வீடுகள் அகலம் குறைந்து நீளமாக இருக்கும். தெருப்பக்கச் சுவரிலிருந்து கொல்லைச் சுவர் வரை எங்கள் வீட்டு மாடியில் நேராக 12 மீட்டர் கிடைத்தது. உங்களுக்கு அப்படி இடம் இல்லையென்றால் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்வதே நல்லது. மொட்டை மாடி வேண்டாம். சுற்றுச்சுவர் இடுப்பளவு உயரம்தான், அதைத் தாண்டினால் பக்கத்து வீடு.

வீட்டில் அமைப்பதானால் சுடும் கோட்டிலிருந்து டார்கெட் வரை சரியாக 10 மீட்டர். டார்கெட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில். பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி. உள்தகடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், நேராக நிறுத்தினால் ஈயம் தெறித்துத் திரும்பி வரும். பெட்டிக்குப் பின்னாலும் கல் சுவர் இருக்க வேண்டும். சுடும் பாதையில் குறுக்கே திறக்கும் கதவு எதுவானாலும் உள்ளே தாழ்ப்பாள். இதில் ஒருமுறைகூட விதிவிலக்கு கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சுடாத நேரத்தில் பேரலுக்குள், அதாவது சுடும் குழலுக்குள், ஒரு நிற நைலான் இழையை முழுநீளத்துக்கு விட்டு வையுங்கள். உள்ளே பெல்லட் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

பட்டறைக்குள் சுட அப்பா ஒருநாளும் விட்டதில்லை. காரணம் பயம் இல்லை. வெள்ளியில் ஈயம் கலந்தால் உலோகம் நொறுங்கிப் போகும், கம்பி இழுக்க வராது. பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணையே உருக்கி வெள்ளி எடுக்கிறவர்கள் நாங்கள். அந்த மண்ணில் ஒரு பெல்லட் விழுந்தாலும் நஷ்டம். ஈயம் உலோகத்துக்கு மட்டும் கேடு இல்லை, உடம்புக்கும் கேடு. பெல்லட் தொட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், வாயில் பெல்லட்டைக் கவ்விக்கொண்டு லோடு செய்யாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசு பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

பெல்லட் என்பது என்ன

நம் பக்கத்துப் பெரியவர்கள் ரவை என்பார்கள். உருவத்தில் ஒரு குட்டி உடுக்கை. முன்னால் தட்டையான தலை, நடுவில் இடுப்பு, பின்னால் குழிவான பாவாடை. தலை பேரலின் உள்வரிகளில் உட்கார்ந்து நேர் பிடிக்கிறது. பாவாடை காற்றழுத்தத்தில் சற்று விரிந்து பேரலை அடைத்துக்கொள்கிறது. இந்த இரண்டு வேலையில் எது பிசகினாலும் குறி பிசகும்.

போட்டிக்குத் தட்டைத் தலைதான் வேண்டும். அது காகிதத்தில் வட்டமாக, கத்தரித்தது போலத் துளை போடும், கணக்கிட வசதி. கூர்த்தலை, உருண்டைத் தலை எல்லாம் கிழித்துவிடும். ரைபிளுக்கு ஏறக்குறைய 0.53 கிராம் பெல்லட், பிஸ்டலுக்கு அதை விடச் சற்று இலேசானது. தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டின்னில் எழுதியிருக்கும். ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. மூன்றும் நம் சுடுநர்கள் அதிகம் பயன்படுத்தும் வெளிநாட்டுப் பெயர்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஒரு அளவு சொல்கிறேன். 10 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வட்டம் என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. கறுப்பு முழுவதுமே 30.5 மி.மீ.தான். பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 மதிப்பெண். அதாவது பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். உச்ச மதிப்பெண்ணான 10.9 வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குள். தசமத்தில் ஒரு புள்ளிக்கு, அதாவது 0.1 மதிப்பெண்ணுக்கு, கால் மில்லிமீட்டர் என்ற இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், கீழே எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் எடைபோடப் போகிறோம்.

வாங்குவது

ஒரே பெயர், ஒரே தலை அளவு என்றாலும் டின்னுக்கு டின் ஒன்றாக இருக்காது. அச்சு தேயும், ஈயத்தின் கலவை சற்று மாறும். அதனால்தான் டின்னின் அடியிலோ பக்கத்திலோ, எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் லாட் எண் இருக்கும். பாவு மாறினால் ஒரே நிறப் பட்டும் வேறு சாயல் காட்டும் இல்லையா, அதைப் போல. முதலில் நான்கைந்து வகையில் ஒவ்வொரு டின் மட்டும் வாங்குங்கள். எது பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு அதே லாட் எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நண்பர் ஒருவர் புகழ்ந்தார் என்று பத்து டின் ஒன்றாக வாங்கினேன். அவர் பேரலுக்கு அமிர்தம், என் பேரலுக்கு ஒத்தே வரவில்லை. 5,000 பெல்லட்டையும் பயிற்சிக்கே சுட்டுத் தீர்த்தேன்.

கண்ணால் பிரிப்பது

டின்னைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். ஈயம் வெண்ணெய் மாதிரி, ஒன்றோடொன்று இடித்தாலே பாவாடை நசுங்கும். மெல்லிய துணி விரித்து, சாய்த்து, உருளவிட்டு எடுங்கள். பாவாடை ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நசுங்கல், பிசிறு, தலையில் வெட்டு இருந்தால் தனியே ஒதுக்குங்கள். பட்டறையில் கொலுசு மணி சோதிக்கும் பூதக்கண்ணாடி இதற்கு அருமையாக உதவுகிறது.

அடுத்து ஒரு பழைய சோதனை, செலவே இல்லாதது. ஒரு கண்ணாடித் தகட்டை இலேசாகச் சாய்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக உருட்டுங்கள். பாவாடை தலையை விடப் பெரிது என்பதால் பெல்லட் நேராக உருளாது, வளைந்து போகும். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் போய் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். விலகி ஓடுவதும் தள்ளாடுவதும் வட்டம் கெட்டவை. உயர்தரப் போட்டி டின்னில் இப்படி ஒதுங்குவது மிகக் குறைவு. விலை குறைந்த டின்னில் கை நிறைய வரும்.

கழுவலாமா என்று பலர் கேட்பார்கள். மலிவான பெல்லட்டில் ஈயத் தூளும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி முழுக்கக் காயவைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தடவிய துணிப்பையில் உருட்டி எடுக்கலாம். சமையலறைப் பாத்திரத்தில் செய்யாதீர்கள், தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். நல்ல போட்டிப் பெல்லட்டுக்கு இது எதுவும் தேவையில்லை, வந்தபடியே சுடுங்கள்.

எடை: இங்கேதான் நான் ஏமாந்தேன்

வெள்ளிப் பட்டறைக்காரன் என்பதால் எடை பார்ப்பதுதான் எல்லாம் என்று நம்பினேன். கொலுசுக்கு 10 மில்லி காட்டும் தராசு போதும், பெல்லட்டுக்கு 1 மில்லி காட்டும் பொன் தராசு வேண்டும். அதைச் சூடேற விட்டு, படிக்கல் வைத்துச் சரிபார்த்து, மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடிக் கூண்டை மூடி, ஒவ்வொன்றாக வைத்து எடுப்பேன். 500 பெல்லட்டுக்கு ஒரு முழு ஞாயிறு போய்விடும்.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டேன். நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.06 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 17, 18 மி.மீ. கீழே இழுக்கிறது. பெல்லட் 5 மில்லி கூடுதல் என்றால், அதாவது ஒரு சதவீதம், வேகம் அரை சதவீதம் குறையும், விழுவது ஒரு சதவீதம் கூடும். மொத்தத்தில் 0.2 மி.மீ.கூட இல்லை. தசமத்தில் ஒரு புள்ளி கூட நகராது! நல்ல டின்னில் பெரும்பாலானவை அந்த 5 மில்லிக்குள்ளேயே அடங்கும்.

அதற்காக எடையே பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. புது டின்னில் 50 பெல்லட் எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தவிர மற்றவை 5 மில்லிக்குள் நின்றால் தராசை மூடிவிட்டுச் சுடப் போங்கள். 15, 20 மில்லி பரவிக் கிடந்தால் அந்த டின் போட்டிக்கு ஆகாது, பயிற்சிக்கு வையுங்கள். மலிவான டின்னைப் பிரித்துப் பிரித்து உயர்தர டின் ஆக்க முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

பேரலைத் தயார் செய்வது

எடையை விடப் பெரிய விஷயம் பேரலும் தலை விட்டமும் ஒத்துப்போவது. அதைச் சோதிக்கும் முன் பேரல் சுத்தமாக இருக்க வேண்டும். பெல்லட் போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் நோக்கி நூலோடு சுத்தம் செய்யும் ஃபெல்ட் என்ற கம்பளித் துண்டை இழுங்கள். இரும்பு பிரஷ் கூடாது. வாய் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் ரைபிள் போனது போனதுதான்.

சுத்தம் செய்த பேரல் உடனே ஒழுங்காகச் சுடாது. ஈயம் மெல்லியதாகப் படிய 20, 30 சூடு தேவை. பெல்லட் வகை மாற்றும்போதும் இப்படியே: புதியதில் 20 சூடு சும்மா சுட்டுவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் நல்ல பெல்லட்டைக் கெட்டது என்று ஒதுக்குகிறார்கள்.

காற்று உருளை உள்ள ரைபிள் என்றால் 200 பார் அழுத்தம் வரை, ஈரமில்லாத காற்று மட்டும். வெல்டிங் கடை ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும், உயிர் போகும். உருளையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியும் அலங்காரத்துக்கு இல்லை. ஸ்பிரிங் ரைபிள்காரர்கள் அழுத்தக் குழலுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் பற்றி எரிந்து புகையும், சீல் கெடும், வேகம் தாறுமாறாகும்.

சோதித்துச் சுடுவது

பெரிய தொழிற்சாலைகளில் பேரலை இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் கனமான மேஜை, முன்னால் ஒரு மணல் பை, பின்னால் ரைபிளின் கட்டைக்கு அடியில் ஒரு சின்னப் பை. பின் பைக்கு மணல் கனம், அரிசி வழுக்கும். நான் ஜவ்வரிசி போட்டேன். சேலத்தில் அதற்குப் பஞ்சமா! உருண்டை உருண்டையாக இருப்பதால் பிசைந்தால் மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்க வருகிறது. நன்றாகக் காய்ந்ததாகப் போடுங்கள், இல்லையென்றால் வண்டு வைக்கும். ஸ்பிரிங் ரைபிள் பையில் இறுக்கமாக உட்கார்ந்தால் துள்ளும். அதை உள்ளங்கையில் தாங்கி, கையைப் பையின் மேல் வையுங்கள்.

ஒரு டார்கெட்டுக்கு 10 சூடு. அது ஒரு குரூப். ஒவ்வொரு வகைக்கும் 5 குரூப். ஐந்து சூட்டில் முடிவு செய்யாதீர்கள், அதிர்ஷ்டம் கலந்துவிடும். ஒரே டின்னில் முதல் ஐந்து சூடு ஒரே துளையாக விழுந்து, அடுத்த ஐந்து சிதறியதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். குரூப் எங்கே விழுகிறது என்று இப்போது கவலைப்பட வேண்டாம். குறிபார்க்கும் சைட்டைச் சற்றுத் தள்ளி வைத்துச் சுட்டால் குறிபார்க்கும் கறுப்பு கிழியாமல் இருக்கும். குரூப் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி.

வகைகளைக் கலந்து சுடுங்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை, மேலே சொன்ன ஈயப் படிவுதான் காரணம். ஆனால் இன்னொன்று செய்யுங்கள். டின்களின் மேல் காகிதம் ஒட்டி அ, ஆ, இ என்று எழுதி, எது எந்த டின் என்று வீட்டில் வேறொருவரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். விலை அதிகமான டின் என்று தெரிந்தால் கை தானாகக் கவனமாகிவிடும். எனக்கு இந்த வேலையைத் தங்கை செய்தாள். நான் நம்பிக்கொண்டிருந்த டின் நான்காவதாக வந்தது.

அளப்பதும் எழுதுவதும்

வெர்னியர் காலிப்பரால் குரூப்பின் ஒரு கோடித் துளையின் வெளி ஓரத்திலிருந்து எதிர்க்கோடியின் வெளி ஓரம் வரை அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். அதுதான் மையத்துக்கு மையம். பையில் வைத்துச் சுட்ட பத்து சூடு 2 மி.மீ.க்குள் வந்தால் அருமை, 2.5க்குள் வந்தாலும் தாராளமாகப் போட்டிக்குப் போகலாம். ஐந்து குரூப்பின் சராசரியையும், அவற்றில் மோசமானதையும் எழுதுங்கள். சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு டின்னில், மோசமான குரூப் எதில் சின்னதோ அதைத்தான் நான் எடுப்பேன். போட்டியில் 60 சூட்டில் ஒன்று வெளியே போனால் அதுதான் வலிக்கும்.

வேகம் அளக்கும் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள், ஒரு நாள் போதும். பத்து சூட்டில் அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடையே நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் ரைபிள் ஆரோக்கியமாக இருக்கிறது. ஒரு மீட்டர் வேக வித்தியாசம் டார்கெட்டில் 0.2 மி.மீ. உயர வித்தியாசம். குரூப் மேலும் கீழுமாக நீண்டு, பக்கவாட்டில் குறுகலாக வந்தால் வேகம் மாறுகிறது என்று அர்த்தம், பெல்லட்டைத் திட்டாமல் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையோ சீலையோ பார்க்க ஆள் தேடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, லாட் எண், தலை அளவு, காற்றழுத்தம், குரூப் அளவுகள், வெயிலா மழையா என எல்லாம் எழுதுங்கள். டார்கெட் காகிதத்தையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகத்தை நம்பினால் ஏமாற்றும்.

மலை மேல்

உறவினர் ஒருவருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். அங்கே காப்பி மூட்டை அடுக்கும் அறை அறுவடை முடிந்ததும் காலியாக இருக்கும், 10 மீட்டருக்குத் தாராளம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று இலேசாகிறதே, குறி மாறாதா என்று நானும் பயந்தேன். 10 மீட்டரில் அந்த மாற்றம் அரை மில்லிமீட்டர்கூட வராது. சைட்டின் திருகில் ஒரு கிளிக், அவ்வளவுதான்.

மலையில் தொல்லை மூடுபனிதான். திறந்த டின்னை அங்கே ஒரு மழைக்காலம் விட்டால் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். அந்த வெள்ளைத் தூள் விஷம், அப்படிப் பூத்த பெல்லட்டை ஊதித் துடைத்துச் சுடாதீர்கள், அப்படியே ஒதுக்குங்கள். டின்னை மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குளிரான அறையிலிருந்து சேலத்து வெயிலுக்கு இறக்கிய உடனே திறந்தாலும் உள்ளே நீர் முத்து கோக்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே விடுங்கள். ரைபிளுக்கும் இதே கதைதான்.

கிடைத்த பிறகு

பொருந்திய லாட் தெரிந்துவிட்டதா, இப்போது கணக்குப் போட்டு வாங்குங்கள். ஒரு போட்டிக்கு 60 சூடு, முன்னால் பார்த்துக்கொள்ளும் சூடும் சேர்த்து 90 என்று வையுங்கள். ஒரு டின் ஐந்து போட்டிக்கு வரும். வருடத்துக்கான போட்டிக்கு நான்கைந்து டின் தனியே எடுத்து வைத்துவிட்டு, தினப்பயிற்சிக்கு அதே தலை அளவில் விலை குறைந்ததைச் சுடுங்கள். போட்டி டின்னுக்கு மாறுவதைப் போட்டி நாளன்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வாரம் முன்பே மாறிவிடுங்கள். சைட் நிச்சயம் இரண்டு மூன்று கிளிக் கேட்கும்.

பெட்டியில் சேரும் ஈயத்தைக் கையுறை போட்டு அள்ளி, மூடியுள்ள வாளியில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் பழைய பேட்டரி, ஈயம் எடுக்கும் உரிமமுள்ள வியாபாரியிடம் கொடுங்கள். வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள். எங்கள் தெருவில் உலை இல்லாத வீடு குறைவு, ஆனாலும் அதைத் தொட அப்பா விட மாட்டார், நானும் கேட்பதில்லை.